சப்போர்ட் பண்ணியவர்கள் பட்டியல்

மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறவன் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. நெல்லுக்கும் கரும்புக்கும் அரசு அறிவிக்கும் விலையைப் புத்தகத்தில் ஆதரவு விலை என்று அச்சிட்டிருப்பார்கள். வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. "சப்போர்ட் பண்றது. வெல கீழ விழாம கவர்மெண்ட் முட்டுக் குடுக்குது" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பெண்ணாடம் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் ஒருமுறை எழுந்து, "எங்கப்பாவுக்கு வெல தெரியும் சார். சப்போர்ட்டத்தான் இதுவரைக்கும் கண்ணால பாத்தது இல்ல" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

இரண்டாயிரத்து நாலில் தேர்தல் முடிந்து டெல்லியில் ஆட்சி அமைந்தபோது, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினமும் அதே சொல்தான்.

"உள்ள வர மாட்டாங்களாம். வெளிய நின்னு சப்போர்ட் பண்ணுவாங்களாம்."

"மழ பெஞ்சா என்னா பண்ணுவாங்க?"

"கொட வச்சிருப்பாங்க. நீ டீயக் குடி."

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலும் அதே கதை நடந்தது. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆதரவு தருவதற்கும் ஆட்சியில் பங்கெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சக ஆசிரியர்களுக்கு விளக்கினேன். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த காலம் அது.

எங்கள் வீடு முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. மனை மலிவாகக் கிடைத்ததால் வாங்கிக் கட்டினோம். ஏன் மலிவு என்று வாங்கும்போது கேட்கவில்லை. மகளுக்குப் பத்து வயதில் முதல் முறையாக மூச்சு இழுத்தது. தெற்கே இருக்கிற ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாட்களில் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை தெருவில் இறங்கும். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். கட்டிலில் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்துகொள்வாள். அவள் மூச்சை நான் எண்ணுவேன். எண்ணக்கூடாது என்று மருத்துவர் எனக்குத்தான் சொன்னார், அவளுக்கு இல்லை. நீல நிற இன்ஹேலர் குப்பி ஒன்று அவள் பையில், ஒன்று என் சட்டைப்பையில், ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில்.

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் புதிதாக ஒரு சாயப்பொருள் ஆலை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடக்கும், கருத்தை நேரிலும் சொல்லலாம், எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். பேப்பரில் வந்த அந்தத் துண்டு விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய் நான்தான் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

"நீங்க முன்ன நில்லுங்க சார், நாங்க சப்போர்ட் பண்றோம்" என்றார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் சொன்னார், தபால்காரர் சொன்னார், தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மாவும் சொன்னார்கள். நான் முன்னால் நிற்கிற ஆள் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை. மைக்கைப் பிடித்துப் பேசினால் மறுநாள் யார் யாருக்குப் போன் போடுவார்கள் என்ற கணக்கு என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எழுத்து மூலம் என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஆசிரியர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மனுவாக இருந்தாலும் முதலில் வெள்ளைத்தாளில் கையெழுத்தை வாங்கிவிடுவோம். மனுவின் வாசகம் பிறகு. வாசகத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு திருத்தம் சொல்வார்கள், ஒரு மாதம் ஓடிவிடும். அதனால் வரிசை எண், பெயர், கதவு எண், கையொப்பம் என்று நாலு கட்டம் போட்ட தாள்கள் முதலில் சுற்றும். வாசகத்தைத் தலைவரோ செயலாளரோ சாவகாசமாக எழுதி, தட்டச்சு செய்து, முன்னால் வைத்துப் பின் அடித்துவிடுவார்கள். இருபது வருடம் அப்படித்தான் நடந்தது. ஒருநாளும் யாரும் தவறு என்று சொன்னதில்லை.

அதைத்தான் எங்கள் தெருவிலும் செய்தேன். மகள் பச்சை மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தாள். மூன்று தாள்கள்.

"மேல என்னாப்பா எழுதறது?" என்று கேட்டாள்.

"மேல ஒண்ணும் வேணாம். மனு தனியா வரும்."

அவளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது என் மனைவியுடையது. இட்லிக்கடை அம்மா அப்போதுதான் கையெழுத்துப் போடப் பழகியிருந்தார்கள். மாவுக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்கள். தாளின் ஓரத்தில் எண்ணெய் விரல் பட்டுவிட்டது. "அய்யய்யோ, கறையாயிடுச்சே சார்" என்றார்கள். பரவாயில்லை என்றேன்.

மனுவை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மேலே போகும் என்று நம்பினேன். கடுமையாக எதிர்க்கிறோம் என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அந்தப் போன் கணக்கு திரும்ப ஓடியது. அடித்துவிட்டு, எங்களால் ஆதரிக்க இயலவில்லை என்று மாற்றினேன். அது மரியாதையாக இருப்பதாகத் தோன்றியது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "எதிர்க்கிறோம்னே எழுத வேண்டியதுதானே. வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்ளோ சுத்து?"

"இதுக்கும் அதேதான் அர்த்தம்."

"அதே அர்த்தம்னா அதையே எழுதுங்களேன்."

எழுதவில்லை.

தட்டச்சுக்கு நான் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. என் மனைவியின் தம்பிக்குச் சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் தமிழும் ஆங்கிலமும் அடித்துக் கொடுப்பான், கல்யாணப் பத்திரிகை அடிப்பான், ஸ்பைரல் போடுவான். எங்கள் கல்யாணத்தின்போது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். மகளுக்கு மூச்சு இழுத்தால் ராத்திரி பகல் பார்க்காமல் பைக்கில் வந்து நிற்கிறவன். கையெழுத்துத் தாள்களையும் என் வாசகத்தையும் ஒரே உறையில் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

"நானே டைப் பண்ணி, கூட்டத்துக்கு நானே எடுத்தாந்து குடுத்துடறேன் மாமா. நீங்க ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள லேட்டாயிடும்" என்றான்.

"படிச்சிப் பாத்து அடி மச்சான். தப்பு கிப்பு இருந்துடப் போவுது."

"நீங்க எழுதுனதுல தப்பு இருக்குமா?"

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் போய்ச் சேரும்போது பாதி முடிந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் எங்கள் பக்கத்தில் நான் பார்த்திராத ஆட்கள் உட்கார்ந்து, ஆலைக்காரர் பேசும்போதெல்லாம் கைதட்டினார்கள். மீன் விற்கிற பெண்ணொருத்தி மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "உங்க வீட்டுப் புள்ளைய எங்க தெருவுல ஒரு மாசம் வச்சிருங்க, அப்புறம் ஃபேக்டரி கட்டுங்க" என்றாள். எனக்கும் எழுந்து பேச வேண்டும் போல இருந்தது. மனுதான் கொடுத்தாகிவிட்டதே என்று உட்கார்ந்திருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் நின்ற மச்சான் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். வெளியே வந்ததும், "குடுத்துட்டேன் மாமா. சீல் போட்டு வாங்கிக்கிட்டாங்க" என்றான். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த வருடம் ஜூனில் மகள் பதினோராம் வகுப்புக்குப் போனாள். இடம் மாறினால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "பாப்பாவ எங்க வீட்ல வுடுங்க. அங்கயே பள்ளிக்கூடம் சேத்துடலாம். நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று மச்சானே கேட்டான். ஒரு பெட்டி, ஒரு படுக்கை, இரண்டு நீலக் குப்பிகளோடு அவளைச் சிதம்பரத்தில் விட்டு வந்தோம். திரும்பி வரும் பேருந்தில் என் மனைவி புதுச்சத்திரம் வரைக்கும் அழுதாள். நான் என் சட்டைப்பையில் இருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்டில் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பள்ளி முடிந்து போனேன். எழுத்தர் நல்ல மனிதர், மேசையில் இடம் ஒதுக்கி உட்காரவைத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சான குறிப்பு. எதிர்த்துப் பேசியவர்கள் பகுதியில் மீன் விற்கிற பெண் இருந்தாள், அவள் சொன்னதில் பாதி இருந்தது. அடுத்து, எழுத்து மூலம் திட்டத்தை ஆதரித்தவர்கள் என்று ஒரு பகுதி. அதன் கீழே ஒரு கடிதத்தின் நகல். இந்த ஆலையால் எங்கள் பகுதிக்கு வேலையும் வளர்ச்சியும் வரும், நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம் என்று சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல் இருந்தது.

பின்னால் மூன்று தாள்கள்.

நகல் என்பதால் பச்சை மை கறுப்பாகத் தெரிந்தது. ஆனால் மகள் கோட்டின் முனையில் எப்போதும் வைக்கிற சின்னப் புள்ளி தெரிந்தது. இட்லிக்கடை அம்மாவின் எண்ணெய் விரல் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தது. வரிசை எண் ஒன்றில் என் கையெழுத்து, சம்பளப் பட்டியலில் போடுகிற மாதிரி அடியில் கோடிழுத்து, தேதியோடு. நான் எழுதிக் கொடுத்த எங்கள் மனு அந்தக் காகிதக் கட்டில் எங்கேயும் இல்லை. நான் எல்லாப் பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினேன்.

"தண்ணி வேணுமா சார்?" என்றார் எழுத்தர்.

எனக்கு முன்பே அதைப் படித்தவர்கள் இருந்தார்கள். மறுநாள் காலை ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து வண்டியை மெதுவாக்கி, "சாரு நல்லா சப்போர்ட் பண்ணாரு" என்று பின்னால் இருந்த சவாரியிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். சவாரியில் இருந்தவர் சிரித்தார்.

இட்லிக்கடை அம்மாதான் நேராகக் கேட்டார்கள்.

"அந்தப் பேப்பர்ல என் கையெழுத்து இருக்குதாமே சார். இங்கிலீஷ்ல என்னான்னு போட்டு இருக்குது?"

முப்பது வருடமாக மொழிபெயர்த்துச் சொல்வதுதான் என் தொழில் என்று சொல்லலாம். அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கம்பெனி வரட்டும், எங்களுக்குச் சம்மதம்னு நாம சொன்னதா போட்டிருக்கும்மா."

"நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லல."

"அப்ப நீங்க சொன்னீங்களா?"

"நானும் சொல்லல."

"அப்புறம் யாருதான் சொன்னது?" ஈயத்தட்டிலிருந்து இட்லியை எடுக்காமல் என்னையே பார்த்தார்கள். "நீங்க கேட்டீங்கன்னுதான் சார் போட்டேன். என்னா ஏதுன்னு கேக்கல. வேற யாராச்சும் வந்திருந்தா கேட்டிருப்பேன்."

அன்றைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன். பெட்டியை யார் தூக்குவது, பள்ளியில் சான்றிதழ் எப்போது வாங்குவது என்றெல்லாம் வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் யோசித்து முடித்திருந்தேன்.

கடையில் புதிதாக ஒரு கலர் பிரிண்டர் மெஷின் நின்றது. அட்டைப்பெட்டி இன்னும் வாசலில் கிடந்தது. மேசையில் அந்த ஆலையின் பெயர் போட்ட லெட்டர்பேட் கட்டுகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவும் இல்லை.

"உக்காருங்க மாமா. சொல்றேன்."

"அந்த லெட்டர் நீ அடிச்சதா?"

"ஆமா. அவுங்க நோட்டீஸெல்லாம் நம்ம கடைலதான் ஓடுச்சு. கூட்டத்துக்கு முன்னாடியே வந்து, ஊர்க்காரங்க சப்போர்ட் லெட்டர் ஒண்ணு வேணும்னாங்க."

"அதுக்கு எங்க கையெழுத்துதான் கெடைச்சிச்சா?"

"மாமா, நீங்க எழுதுனத படிச்சேன். ஆதரிக்க இயலவில்லைன்னு எழுதி இருந்தீங்க. அதப் படிச்சிட்டு எவன் பயப்படுவான், சொல்லுங்க. அது எப்படியும் வரப்போவுது. வரப்போறத சப்போர்ட் பண்ணுனா நமக்காச்சும் நாலு வேல கெடைக்கும்." குரலைத் தணித்தான். "பாப்பா படிப்புக்கும் சேத்துதான் மாமா யோசிச்சேன்."

"பாப்பாவ இதுல இழுக்காத."

"இழுக்கல. எங்க வீட்லதான இருக்கா. மூச்சு எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க."

நான் அவனை அடித்திருக்கலாம். போலீசுக்குப் போவேன் என்று சொல்லியிருக்கலாம். தெருவில் வரும்போது அந்த இரண்டையும் மனதில் நடத்திப் பார்த்திருந்தேன். அந்த நேரத்தில் மகள் சைக்கிளில் வந்து இறங்கினாள். பள்ளிச் சீருடை, எண்ணெய் வழிந்த முகம். மேட்டுத் தெருவை மிதித்து வந்திருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள். வீட்டில் மாடி ஏறினாலே வாயைத் திறக்கிற பெண்.

"என்னாப்பா, திடீர்னு?"

"சும்மாதான் வந்தேன். மருந்து இருக்கா?"

"இருக்கு. எடுக்கறதே இல்ல. ஞாயித்துக்கெழம மாமா எங்க எல்லாரையும் பிச்சாவரம் கூட்டிட்டுப் போனாரு. போட்ல போனோம். அப்பகூட ஒண்ணும் ஆவல" என்று பையைத் திறந்து குப்பியைக் காட்டினாள். குலுக்கிப் பார்த்தேன். ஜூனில் கொடுத்தனுப்பியது அப்படியே கனமாக இருந்தது.

மச்சான் மனைவி சாப்பாடு போட்டாள். மீன் குழம்பு. அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து, முள் எடுத்த துண்டை என் மகளின் தட்டில் வைத்தான். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பெட்டியைப் பற்றி ஒன்றும் பேசாமல், கடைசி வெளிச்சம் இருக்கும்போதே பேருந்து ஏறினேன். பேருந்து நிலையம் வரைக்கும் மகள் வந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டு நின்றாள். "மேல என்னா எழுதறதுன்னு நான் கேட்டேனேப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். உன் தம்பி அந்தத் தாள்களை என்ன செய்தான் தெரியுமா என்றேன். என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை. என்ன செய்தான் என்றும் கேட்கவில்லை. வாசல் பக்கம் பார்த்து, "பாப்பாவக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். வரவில்லை என்றதும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"மே மாசம். அவன் வந்து அழுதான். தப்புப் பண்ணிட்டேங்கா, பாப்பாவ நான் பாத்துக்கறேன்னான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சொல்லி இருந்தா நீங்க அவள அனுப்பி இருக்க மாட்டீங்க."

உண்மைதான். அனுப்பியிருக்க மாட்டேன்.

அந்த வாரமே ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் கையெழுத்துகள் எங்களுக்குத் தெரியாமல் வேறொரு கடிதத்தோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன, நாங்கள் அந்த ஆலையைக் கடுமையாக எதிர்க்கிறோம் என்று இந்த முறை சுற்றி வளைக்காமல் எழுதினேன். தலைப்பை முதலில் எழுதி, வாசகத்தை முழுக்க எழுதி, அதன் கீழே கோடு போட்டேன். இட்லிக்கடை அம்மாவிடம் எடுத்துக்கொண்டு போய்த் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

"சரியாத்தான் சார் எழுதி இருக்கீங்க. ஆனா இனிமே நான் எதுலயும் போடறதா இல்ல."

மீதிப் பேரிடம் போகவில்லை. அதைக் கொடுத்தால் யார் சேர்த்தது என்று விசாரிப்பார்கள். விசாரித்தால் சிதம்பரத்துக்குப் போவார்கள். அங்கே அந்த வீட்டின் முன்னறையில் என் மகள் படித்துக்கொண்டிருப்பாள். கடிதத்தைப் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்தேன். நானும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

ஆலை வந்தது. முதலில் சுற்றுச்சுவர், பிறகு புகைபோக்கி. அந்த அம்மா கடையை முதுநகருக்கு மாற்றிக்கொண்டார்கள். வழியில் பார்த்தால் தலையசைப்பார்கள், நிற்க மாட்டார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள், சிதம்பரத்திலேயே கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது புத்தகத்தில் உள்ளபடி ஆதரவு விலை என்று படித்துவிட்டு, சப்போர்ட் என்று விளக்காமல் தாண்டிவிடுகிறேன்.

இந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு நாள் அவள் போன் செய்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகிறது.

"அப்பா, நான் வீட்டுக்கே வந்துடறேன். அங்கேருந்து தினமும் பஸ்ல காலேஜ் போய்க்கறேன். எனக்கு இவுங்க வீட்ல இருக்கப் புடிக்கல. அந்த விஷயம் தெரிஞ்சதுல இருந்தே புடிக்கல. சாப்பாடு போடும்போதெல்லாம் அந்தப் பேப்பருதான் ஞாபகம் வருது."

எனக்குப் பெருமையாக இருந்தது. என்னால் செய்ய முடியாததை அவள் செய்யத் தயாராக இருந்தாள். சன்னல் திறந்திருந்தது, தெற்குக் காற்று. சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா" என்றேன். "மாமா வீட்லயே இரு. மாமா நல்லாத்தான பாத்துக்கறாரு."

நான் போனைக் காதோடு அழுத்தி அவள் மூச்சைக் கேட்டேன். இழுப்பு இல்லை, சீராக இருந்தது.